பிழையாகப் போட்டுப் பார்க்கிறவர்

என் மூத்த சகோதரரான நானாவின் கடை ருவான்வெல்லை பஜாரில் இருக்கிறது. குடை, பாய், பிளாஸ்டிக் வாளி, பாடசாலைப் பை என்று கைக்கு வந்ததையெல்லாம் விற்கிற கடை. என்னோடு படிப்பித்த டீச்சர் அங்கே குடை வாங்க வந்த கதையை நானா இன்றைக்கும் சொல்லுவார். மற்றவர்கள் குடையை விரித்துப் பார்ப்பார்கள், தலைக்கு மேலே பிடித்துப் பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டீச்சர் விரித்த குடையைத் தலைகீழாகத் திருப்பி, கடையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தார். குடை படாரென்று மறுபக்கம் மடிந்துகொண்டது.

"என்ன டீச்சர் இது, புதுக் குடைய இப்படிச் செய்றீங்க?" என்று நானா எழுந்தே விட்டார்.

"நான் எங்க செஞ்சேன், காத்துதானே செஞ்சிச்சு? எங்க தோட்டத்து மேட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க நானா. காத்து இப்படித்தான் செய்யும். கம்பி ஒடியாம திரும்புதான்னு பாக்கணும்ல?"

கம்பி ஒடியவில்லை. அந்தக் குடையையே வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு நானா என்னைப் பார்த்து, "உன் கூட்டாளி ஒரு மாதிரியான ஆள்தான்" என்றார். ஒரு மாதிரியான ஆள்தான். எந்தப் புதுச் சாமான் கையில் வந்தாலும் முதலில் அதைப் பிழையாகச் செய்து பார்ப்பார். சரியாகப் பிடித்தால் எல்லாச் சாமானும் நல்ல சாமானாகத்தான் தெரியும், பிழையாகப் பிடிக்கும்போதுதான் அதன் குணம் வெளியே வரும் என்பது அவர் கட்சி. எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்ட நான் அந்த மனுசியோடு எப்படி இத்தனை வருசம் ஒரே பாடசாலையில், ஒரே பஸ்ஸில், ஒரே சாப்பாட்டு மேசையில் காலம் தள்ளினேன் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பாடசாலை ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. சிறிய தமிழ்ப் பாடசாலை. சுற்றிலும் சிங்கள ஊர்கள். எங்கள் பிள்ளைகள் கடையில் சிங்களம், வகுப்பில் தமிழ், சண்டையில் இரண்டும் பேசுவார்கள். நான் பஜாரிலிருந்து ஏறிப் போய்க் கணினி படிப்பித்தேன். டீச்சருக்குத் தரம் ஒன்று வகுப்பு. அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்து மேல் டிவிசன் தொழிலாளர் லயத்தில்தான். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எழுத்துப் படித்த அதே அறையில்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். டவுன் பாடசாலைக்கு மாற்றம் வந்தபோதும் போகவில்லை. உப அதிபர் கதிரையில் உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"பென்சன் வந்து என் கையப் புடிச்சு இழுத்தாத்தான் இந்த ரூம விட்டு வெளிய வருவேன்" என்பார். "அதுக்கு முன்னாடி யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

சும்மா சொன்ன பேச்சில்லை. மகள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டாள். கணவர் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்து, பஜார் பஸ் போகிற வழியில் இருந்த வீட்டோடு இருந்தார், நல்ல மனுசன், பேச்சுக் குறைவு. டீச்சருடைய சிரிப்பு, கோபம், கதை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்ளேதான் நடந்தன. ஞாயிற்றுக்கிழமையில் அவரைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருப்பார், ஆறிப்போன தேத்தண்ணி மாதிரி.

பிள்ளைகள் விடுகிற பிழையில் அவருக்கு இருந்த ஆசையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. சரியான விடை சொன்ன பிள்ளைக்குத் தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிழையான விடை சொன்ன பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை, ஒரு கையில் எத்தனை விரல் என்று கேட்டதற்கு ஒரு சின்னப் பெண் நாலு என்றாள். வகுப்பே சிரித்தது. நான் ஏதோ வயர் தேடி அந்தப் பக்கம் போயிருந்தேன், நானும் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "எங்க, எண்ணிக் காட்டு" என்றார். பிள்ளை தன் கையை ஒழுங்காக ஐந்து என்று எண்ணியது. "அப்ப ஏன் நாலுன்னு சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். "அப்பா கையில நாலு" என்றது பிள்ளை. தகப்பனுடைய விரல் ஒன்று ரப்பர் அரைக்கிற உருளையில் போயிருந்தது. இரவில் அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் எண்ணப் பழகியிருக்கிறாள்.

"அப்ப நீ சொன்னது சரி. அப்பா கையில நாலு, உன் கையில அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அன்று பகல் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. நான் என் மீனில் பாதியை வைத்துக் கொடுத்தும் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு கணினிச் சமாச்சாரத்தை மதிப்பிடச் சொன்னால் என்ன ஆகும்? அந்த வேலை எங்கள் இரண்டு பேர் தலையிலும் வந்து விழுந்தது.

வலயக் கல்விப் பணிமனையில் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரியாக யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் இருந்தார். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது, அதற்குள் போய் ஆசிரியர்களே பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரிப் பயிற்சிகள் செய்யலாம், படத்தையும் சொல்லையும் இணைக்கிறது, சிதறிக் கிடக்கிற எழுத்துகளைச் சேர்க்கிறது, கேட்ட படத்தைத் தொடுகிறது என்று பலவிதம் உண்டு, அது எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சரிவருமா என்று ஒரு பாடசாலைத் தவணை முழுக்கப் பாவித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். கணினி தெரிந்தவள் என்று பாடசாலை அதிபர் என்னைப் போட்டார். சின்னப் பிள்ளைகளைத் தெரிந்தவர் என்று டீச்சரைப் போட்டார்.

எனக்கு அது ஒரு பாடவேளை வேலை. உட்கார்ந்தேன், பழங்களின் பெயரில் பளபளவென்று ஒரு பயிற்சி செய்தேன், படங்கள் துள்ளிக் குதித்தன, சரியாகத் தொட்டதும் வாத்தியம் முழங்கி நட்சத்திரம் கொட்டியது. "பாத்தீங்களா? அருமையான சாமான். நல்லம்னு எழுதி அனுப்பிருவோம்" என்றேன்.

"இருங்க ஐசிடி டீச்சர்." கணினிப் பாடத்துக்கு ஐசிடி என்று பெயர், அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்துக்கொண்டார். "பிழையா போடுறேன், பாத்துக்குங்க."

மாம்பழம் என்றதற்கு வாழைப்பழத்தைத் தொட்டார். கர்ரென்று ஒரு சத்தம். திரையில் பிழை என்கிற சிவப்புப் புள்ளடி விழுந்து, அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் முகம் கண்ணீர் விட்டு அழுதது. டீச்சர் கதிரையோடு பின்னால் போய்விட்டார்.

"இது ஏன் அழுவுது?"

"பிழைன்னா அழும் டீச்சர். எல்லாத்திலயும் அப்படித்தான்."

"பிழை விட்டது பிள்ள. இது எதுக்கு அழுவுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஆனால் அவர் விடவில்லை. அந்தத் தளத்தின் மூலை முடுக்கெல்லாம் பிழையாகவே நடந்து பார்த்தார். விடை தெரிந்தும் சும்மா இருந்து பார்த்தார், திரையின் மேலே நேரம் டிக்டிக்கென்று குறைந்து, முடிந்ததும் பயிற்சி தானாகவே மூடிக்கொண்டது. வேண்டுமென்றே கடைசியாக வந்து பார்த்தார், எல்லாப் பெயருக்கும் கீழே அவர் பெயர் தொங்கியது.

"முதலா வந்த பிள்ளைக்கு, தான் முதல்னு தெரியும். கடைசியா வந்ததுக்கும் தெரியும். அப்புறம் யாருக்காக இத போட்டுக் காட்டுது?"

"உற்சாகம் வரும்னு செய்றாங்க."

"யாருக்கு?"

நான் அடுத்த பயிற்சியைத் திறந்தேன். தமிழ் எழுத்தைச் சிதறவிடுகிற பயிற்சியில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடைந்து வந்ததை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது மட்டும் என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, உங்களுக்கும் பிழை கண்ணுல படுது" என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன், உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு ஒரு நாள் உண்மையான சண்டையே வந்தது. காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு படம் போட்டு ஒரு பயிற்சி செய்திருந்தேன். தளத்திலேயே கிடைத்த படங்கள். காலைக்கு ஜன்னலில் வெயில் வருகிறது, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கட்டிலில் சோம்பல் முறிக்கிறது. தரம் ஒன்றுக்கு டெப் என்கிற தட்டைக் கணினிகளில் போட்டுக் கொடுத்தோம். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றில்லை, பாதி வகுப்பு காலை என்றதற்கு இருட்டுப் படத்தைத் தொட்டது. கர்ர், கர்ர் என்று டெப் எல்லாம் கத்தின.

"இதுங்களுக்குப் பகலும் இரவும் கூடத் தெரியல்ல" என்று தலையில் கை வைத்தேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அம்மா பால் வெட்டப் போறது எப்பங்க? இருட்டுல தலையில டோர்ச்ச கட்டிக்கிட்டுப் போறாங்க. போறப்ப பிள்ளைய எழுப்பி, விடிஞ்சிருச்சு எந்திரின்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. இதுங்களுக்குக் காலைன்னா அந்த இருட்டுதான். ரெண்டையும் சரின்னு போடுங்க."

"ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் டீச்சர்! ரெண்டும் சரின்னா எதுக்குக் கேள்வி?"

"அப்ப கேள்விய மாத்துங்க. பிள்ளைய மாத்தாதீங்க."

இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். மூன்றாம் நாள் நான்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விடையையும் சரியென்று ஏற்கிற வழி அந்தத் தளத்தில் இருக்கிறது, தேடி எடுத்துவிட்டேன் என்றேன். அழுகிற முகத்தையும் எடுத்துவிடலாம், அந்தக் கர்ர் சத்தத்துக்குப் பதிலாக நாம் பேசியதைப் போடலாம் என்றும் சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்று பின்னேரமே கணினி அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து அவர் குரலைப் பதிந்தோம். "பரவாயில்ல கண்ணு, இன்னொருக்கா பாரு." வெளியே மழை கொட்டியதால் பல தடவை பதிய வேண்டியிருந்தது. கடைசியாகப் பதிந்ததில் தூரத்தில் மழைச் சத்தமும் இருந்தது, அதையே வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பிழையாகத் தொடத் தொடங்கினார்கள். என் தலையில் மறுபடியும் கை வைத்தேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. அதே தவணையில்தான் அது வந்து சேர்ந்தது, நாங்கள் யாரும் அதைக் காணவில்லை. வேறு ஓர் ஆளாக இருந்திருந்தால் கண்டிருப்போம். இவர் ஆயுள் முழுக்கப் பிழையாகச் செய்து பார்த்தவர். அந்தப் பழக்கம் ஒரு திரை மாதிரி முன்னால் தொங்கியது, நோய் அதற்குப் பின்னால் வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வகுப்புக் கதவின் பூட்டில் வேறு சாவியைப் போட்டு வெகுநேரம் திருகிக்கொண்டு நின்றார். "பூட்டையும் மதிப்பீடு செய்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நான் தாண்டிப் போனேன். கேகாலைக்குப் போக வேண்டியவர் அரநாயக்க பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கணவருக்கு போன் எடுத்தார். அந்தக் கதையை அவரே ஆசிரியர் அறையில் நடித்துக் காட்ட, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கரும்பலகையில் கிழமையைப் பிழையாக எழுதிவிட்டு, பிள்ளைகள் "பிழை டீச்சர், பிழை!" என்று கத்தும்வரை ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்பது அவருடைய பழைய விளையாட்டு. ஒரு திங்கட்கிழமை வெள்ளி என்று எழுதினார். பிள்ளைகள் கத்தினார்கள். அவர் அழிக்கவில்லை. "இல்லையே, வெள்ளிதான்" என்றார். பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். விளையாட்டு இன்றைக்கு நீளமாக இருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தோசம்.

தவணை முடிவில் கேகாலையில் ஒரு மண்டபத்தில் எங்களைச் செய்து காட்டச் சொன்னார்கள். வலயத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பெரிய திரை, ஒலிபெருக்கி. டீச்சர் மயில்கழுத்து நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தார். முதலில் பேசினார். பிள்ளை பிழை விடுகிற இடத்தில்தான் ஆசிரியருக்கு வேலை தொடங்குகிறது, இந்தத் தளம் அந்த இடத்தில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு அழுகிறது, அதைத்தான் நாங்கள் மாற்றியிருக்கிறோம் என்றார். அப்படி ஒரு பேச்சை நான் அந்த மண்டபத்தில் கேட்டதேயில்லை. எனக்கு என் சொந்த அக்கா பேசுகிற மாதிரிப் பெருமையாக இருந்தது.

பிறகு பயிற்சியைத் திறந்தேன். அவரே செய்த பயிற்சி. திரையில் அணில், பஸ், குடை, கோழி. ஒலிபெருக்கியில் "அணிலைத் தொடுங்க" என்று வந்தது. அவர் பஸ்ஸைத் தொட்டார். "பரவாயில்ல கண்ணு, இன்னொருக்கா பாரு" என்றது அவர் குரல், மண்டபம் முழுக்க. எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அவர் குடையைத் தொட்டார். "பரவாயில்ல கண்ணு, இன்னொருக்கா பாரு." மறுபடியும் சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. பிழையா போடுறேன், பாத்துக்குங்க என்று முன்கூட்டியே சொல்லாமல் அவர் ஒருநாளும் பிழையாகத் தொட்டதில்லை. அன்று அவர் அதைச் சொல்லவில்லை. விரல் திரைக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அது மெதுவாகப் போய் மறுபடியும் பஸ்ஸைத் தொட்டது. அவர் குரலே அவரைக் கண்ணு என்று கூப்பிட்டு, இன்னொரு தரம் பார்க்கச் சொன்னது.

என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "டீச்சர், இதுல எது அணில்?"

நான் எட்டிப் போய் அணிலைத் தொட்டேன். வாத்தியம் முழங்கியது. யாழ்ப்பாணத்து சேர் எழுந்து நின்று கைதட்டினார். "அருமை டீச்சர்! பிழை விடுற பிள்ளை எப்பிடித் திணறுமோ அதை அப்பிடியே செய்து காட்டிப்போட்டியள்" என்றார். நல்ல மனுசன், மனதாரத்தான் சொன்னார். எங்கள் சிபாரிசு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். நேரம் வேண்டாம், வரிசை வேண்டாம், அழுகிற முகம் வேண்டாம். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் அப்படித்தான் நடக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"அவங்க யாரும் கண்டுபிடிக்கல்லதானே?"

"இல்ல டீச்சர்."

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நாளா இப்படித்தாங்க இருக்கு. வீட்டுல சொல்லல்ல. சொன்னா ரூம விட்டு எடுத்துருவாங்கல்ல?" என்றார். பயந்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அல்லாஹ்வே, இந்த மனுசிக்கா என்று மனதுக்குள் கத்தினேன்.

கணவரிடம் நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவ எப்பவும் அப்படித்தாங்க. வேணும்னு செய்வா. கலியாணம் கட்டின புதுசுல என்னையே பேர மாத்திக் கூப்பிட்டு, திரும்பிப் பாக்குறேனான்னு பாத்தவ" என்று சிரித்தார். ஆனாலும் டவுனில் நரம்பு டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். நானும் கூட வர வேண்டும் என்றார்.

டொக்டர் சிங்களவர், இளவயது, நிதானமாகப் பேசினார். டீச்சர் அவரை விட நல்ல சிங்களத்தில் வணக்கம் சொல்லி நலம் விசாரித்தார். பிறகு டொக்டர் கேட்கத் தொடங்கினார். இது என்ன மாதம், நாம் எந்த ஊரில் இருக்கிறோம், இந்த மூன்று சொல்லையும் திருப்பிச் சொல்லுங்கள். டீச்சர் சிலதற்குச் சரியாகச் சொன்னார், சிலதற்கு இல்லை. டொக்டர் தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்து, "இது என்ன?" என்றார்.

டீச்சர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளையல்" என்றார்.

கணவர் சத்தமாகச் சிரித்தார். தேவைக்கு மேலே சத்தமாக. "டொக்டர், அவ வேணும்னுதான் பிழையா சொல்றா. அது அவ வழக்கம் டொக்டர். எதையும் முதல்ல பிழையாத்தான் செய்வா. அவளுக்குத் தெரியும். இந்த டீச்சரக் கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்." பாதி சிங்களம், பாதி தமிழ். சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

டீச்சர் மணிக்கூட்டை மேசையில் வைத்துவிட்டு, கணவரின் கைமேல் கை வைத்தார்.

"டொக்டர், இவர் பொய் சொல்லல்ல. நான் அப்படித்தான். ஆனா வேணும்னு பிழை விடுறப்ப, சரி எதுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப உள்ள போய்த் தேடினா ஒண்ணும் இல்ல டொக்டர்."

டொக்டர் மணிக்கூட்டை எடுத்துக் கட்டிக்கொள்ளவில்லை. அது மேசையிலேயே கிடந்தது. மருந்து இருக்கிறது, நோயைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார்.

கணவர் மருந்து வாங்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே போட்டிருந்த நீண்ட வாங்கில் உட்கார்ந்தோம். நாளைக்கே அதிபரிடம் போய், தரம் ஒன்றை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லப்போகிறேன் என்றார் டீச்சர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம்.

"எதுக்கு அவசரம்? டொக்டரே மெதுவாத்தான் வரும்னு சொல்றார். நான் பக்கத்திலயே இருந்து பாத்துக்குறேன். பாடத்த எல்லாம் டெப்புல போட்டுத் தாறேன், நீங்க சும்மா கூட இருந்தாப் போதும். உங்களுக்கு அந்த ரூம் இல்லாட்டி என்ன இருக்கு? சின்னப் பிள்ளைங்க, அதுங்களுக்கு ஒண்ணும் விளங்காது."

"விளங்காது. அதுதாங்க பயமா இருக்கு." சேலைத் தலைப்பை மடியில் மடித்து மடித்து வைத்தார். "அதுங்க ஒரு பிழை விட்டா, அது எங்க இருந்து வந்திச்சுன்னு போய்ப் பாக்க நான் இருந்தேன். நான் பிழையா சொல்லிக் குடுத்துட்டா யாரு பாப்பாங்க? டீச்சர் சொன்னாங்கன்னு அத அப்படியே கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருங்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை. மருந்துப் பையோடு வந்த கணவர் எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சொன்னபடியே அதிபர் அறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன். அதிபர் ஏதோ கெஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கேட்டுக்குப் போகிற வழி தரம் ஒன்றைத் தாண்டித்தான் போகிறது. பிள்ளைகள் கதவருகே கூடி நின்று காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைத் தாண்டி நேரே நடந்தார். ஒரு கணம் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்ட சந்தோசத்தில் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"பிழை டீச்சர், பிழை! நம்ம வகுப்பு இங்க இருக்கு!"

குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். அவர் எப்போது திரும்புவார், எப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி வருவார் என்று பார்த்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவர் நடையை நிறுத்தவில்லை. கேட்டுக்கு வெளியே கணவர் நின்றார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார்.

பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். நான்தான் உள்ளே போய் அவர்களை உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.